ஒயரின் மறுமுனை

ஒயரை இழுத்தார். அது திருப்பி இழுத்தது.

பெரிதாக ஒன்றுமில்லை. தூண்டிலில் சின்ன மீன் வாய் வைத்தால் விரலுக்கு மட்டும் தெரியுமே, அந்த அளவுதான். பெரியவர் மினி டிராக்டரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தகரக் கூரைமேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பழைய கிரீஸும் ஈர மண்ணும் எலிப் புழுக்கையும் எப்போதோ கருகிய ரப்பரும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. சாயங்காலம்தான், ஆனாலும் கொட்டகைக்குள் இருட்டு மூலைமூலையாகச் சேர ஆரம்பித்திருந்தது.

“எலிதான்,” என்றார் சத்தமாக. கேட்க ஆளில்லை என்றாலும் சொல்லிவைப்பது நல்லது.

இந்த வண்டிக்கு எலிதான் எமன். ஒயரையெல்லாம் கொறித்துத் தின்று அதைப் படுக்கப் போட்டுவிட்டது. போன வாரம் வந்த எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “பெரியவரே, இதுக்கு ஒயர் மாத்துறத விட வண்டிய மாத்துறது சுலபம்.”

“உன் வாய மாத்துறது அதவிட சுலபம். கெளம்பு,” என்று விரட்டிவிட்டார். அவனை விட்டால் நல்ல ஒயரையும் அறுத்துப் போட்டிருப்பான். எல்லாரும் அப்படித்தான்.

ஆனால் காலையில் மகன் வேன் எடுத்துக்கொண்டு வருகிறான். போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

“வண்டி ஓடுச்சுன்னா நீங்க அங்கயே உழுதுக்கிட்டு இருங்கப்பா, நான் வாயத் தொறக்கல. ஓடலைன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு என்கூட வந்துடணும். பேச்சு மாறக்கூடாது.”

“நான் எப்படா பேச்சு மாறியிருக்கேன்?”

“தெனமும்.”

மகன் வீட்டில் நாலாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். அதை நினைத்தாலே பெரியவருக்கு நெஞ்சை அடைத்தது. வண்டி ஓடியாக வேண்டும்.

டேஷ்போர்டிலிருந்து நாலு ஒயர் ஓர் இரும்புக் குழாய்க்குள் புகுந்து, வண்டியின் வயிற்றுக்கு அடியிலேயே ஓடி, சீட்டுக்குக் கீழே வெளியே வரும். சாயம் போய் நாலும் ஒரே சேற்று நிறம். எது எதுவென்று கண்டுபிடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் இந்தப் பக்கம் இழுக்க, இன்னொருத்தர் அந்தப் பக்கம் பார்த்து “இதுதான்” என்று சொல்ல வேண்டும். மனைவி இருந்தவரை அந்தப் பக்கம் அவள். “சீக்கிரம் இழுங்க, அடுப்புல பால் இருக்கு,” என்று கத்துவாள். அவள் போனபிறகு இரண்டு பக்கமும் இவரேதான். இழுத்துவிட்டு எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போய்ப் பார்ப்பதற்குள் எது அசைந்தது என்று யாருக்குத் தெரியும்?

மறுபடி இழுத்தார். மறுபடி இழுத்தது.

எலி இப்படிப் பதில் சொல்லாது.

“யாரு?”

மழைச் சத்தம்தான். பெரியவர் உதட்டை நக்கிக்கொண்டார். கேட்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். “நீயா?”

மெதுவாக, பிரியமாக, ஓர் இழுப்பு.

கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பயப்படத்தான் வேண்டும், பயமும் இருந்தது, முதுகில் பல்லி ஊர்ந்த மாதிரி. ஆனால் இத்தனை நாளாக இந்த வீட்டில் அவர் பேச்சுக்கு யாரும் எந்தப் பதிலும் சொன்னதில்லை. “இது ஸ்டார்ட்டர் ஒயரா?” என்றார். இழுத்தது. டேப்பில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தார். “இது லைட்டுக்கா?” இழுத்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வேலை மளமளவென்று நடந்தது. அடுப்பில் பால் இல்லை, அவசரப்படாதே என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே, மூன்றாவதைப் பிடித்து, வாய் தவறி முதல் கேள்வியையே மறுபடியும் கேட்டார்.

“இது ஸ்டார்ட்டர் ஒயரா?”

இழுத்தது.

பெரியவரின் சிரிப்பு நின்றது. ஸ்டார்ட்டருக்கு ஒரே ஒயர்தான். அவளுக்கு அது தெரியும். அவளிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே வாய் வலித்திருக்கிறது.

ஆளை நம்பாமலே வாழ்ந்த மனுஷன். நம்பாதவன் எப்படிக் கேட்பானோ அப்படிக் கேட்டார். பிடி நழுவாமலிருக்க நாலு ஒயரையும் சேர்த்து உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார்.

“நம்ம பொண்ணு எப்படி இருக்கா? நல்லா இருக்காளா?”

அவர்களுக்குப் பெண் பிறக்கவே இல்லை.

இழுத்தது. பிரியமாக.

ஒயர் சுற்றிய கையை மேலேயே வைத்துக்கொண்டு, ஒருக்களித்துத் தரையில் படுத்தார். மறு கையால் டார்ச்சை அடித்தார். சீட்டுக்கு அடியில் எலி கடித்த துண்டு முனைகள் தொங்கின. இங்கே இழுத்தார். அங்கே எதுவும் அசையவில்லை. வெளிச்சத்தை மெல்லக் கொண்டுவந்தார். வண்டியின் வயிற்றுக்கு நடுவில் குழாய் துருவேறி வாய் பிளந்திருந்தது. நாலு ஒயரும் அதன் வழியாக இறங்கின.

நேராக.

மண் தரைக்குள்.

தரையில் பள்ளமில்லை. தோண்டிய தடம் இல்லை. செடி முளைத்த மாதிரி ஒயர் மண்ணிலிருந்து எழுந்து நின்றது.

வேன். நாலாவது மாடி. அடுத்த வீட்டு ஜன்னல். எவ்வளவு நல்ல ஜன்னல் அது.

“நான்...” என்று மண்ணைப் பார்த்து ஆரம்பித்தார். “நான் காலையில என் பையனோட போயிடறேன். இங்க இருக்கல.”

காத்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னது, இதற்கு அசையவில்லை.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது?

கையை உதறினார். சுற்று இறுகியது. நகத்தால் பிய்த்தார். இன்னும் இறுகியது. விரல்கள் கறுத்தன. “பையா...” என்று கத்தினார். பையன் எங்கோ தூரத்தில், காலையில் கிளம்ப வேனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான்.

அப்போது வண்டியின் விளக்கு எரிந்தது.

இரண்டும். மங்கலாக, மஞ்சளாக. பேட்டரி கழற்றி வாசல் ஓரம் கிடந்தது. சாவி அவர் சட்டைப் பையில்.

இருமிக்கொண்டு எஞ்சின் கிளம்பியது. சீராக. புது வண்டி மாதிரி.

அந்தச் சத்தத்துக்கு அடியில், ஒயர் மண்ணுக்குள் போக ஆரம்பித்தது. அவசரமில்லாமல். ஒரு சாண். இன்னொரு சாண். கை குழாய்க்குள் இழுபட்டு, நசுங்கி வளைந்து, துருவேறிப் பிளந்த அந்த வாய் வழியாகக் கீழே இறங்கியது. முதலில் விரல் நுனிக்குக் குளிர்ந்த மண் தட்டுப்பட்டது.

பிறகு, மண்ணுக்குள், அதைப் பிடித்துக்கொள்ளக் காத்திருந்த விரல்கள்.