முனைப்பி மாட்டிய ஊர்

அந்த உத்தரவுக் கோப்பைக் கோப்புக் கட்டின் அடியில் செருகிவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்று முப்பிடாதி எழுந்ததுதான் தாமதம், காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த முனைப்பி சுள்ளென்றது. உட்கார்ந்துவிட்டு மீண்டும் எழுந்தாள், பிடரி முழுக்க எரிந்தது. கோப்பைத் திரும்ப மேலே எடுத்து வைத்த பிறகுதான் விட்டது.

முனைப்பி வந்து நாலு வருஷம் ஆகிறது. பொத்தான் அளவுதான் இருக்கும். எடுத்த வேலையிலிருந்து மனம் நழுவினால் மூளையின் மின்னோட்டத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடும். வேலை முடிகிறவரை நரம்பை விடாது. முதலில் அரசு ஊழியர்களுக்கு, பிறகு ரேஷன் அட்டை உள்ள எல்லோருக்கும் இலவசமாக மாட்டிவிட்டார்கள். நாடே சுறுசுறுப்பாகிவிட்டது என்று மேடைக்கு மேடை பெருமை.

ஆனால் முப்பிடாதி எழுத்தராக இருந்த வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மனசுக்கு ஒப்பாத உத்தரவு வந்தால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கோப்பு கட்டின் அடிக்குப் போகும். ஆறு மாதத்தில் அதிகாரி மாறுவார். உத்தரவு தானாகச் செத்துப்போகும். சோம்பேறிகள் என்று ஊர் ஏசியது. அந்தச் சோம்பலால் எத்தனை கூரைகள் நின்றன என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது கையில் இருந்தது புன்னைத்துறை மீனவர் குடியிருப்பு, இருநூற்றுப் பதினான்கு வீடுகள். சரக்குத் துறைமுகம் கட்டுவதற்காக இடிக்கப் போகிறார்கள். முன்பு ஆட்சேபணைக்கு முப்பது நாள் தருவார்கள். இப்போதுதான் யாரும் எதையும் தள்ளிப்போடுவதில்லையே என்று வட்டாட்சியர் கோமதிநாயகம் ஒரே நாள் கொடுத்திருந்தார். அறிவிப்பை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினால் போதும், எவன் படிக்கப் போகிறான் என்ற தைரியம்.

முப்பிடாதிக்கு ஆத்திரம் பொங்கியது. தள்ளிப்போட விடமாட்டாய், அப்படித்தானே? சரி, முழுசாகவே செய்கிறேன் என்று காதுப் பொத்தானிடம் மனதுக்குள் கறுவினாள். விதிப்படி அறிவிப்பை வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். சுவரில் ஒட்டுவதெல்லாம் வசதிக்கு வந்த பழக்கம். மறுநாள் காலையிலேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு புன்னைத்துறைக்குப் போனாள். ஆட்சேபணை மனுக் கொடுத்தவர் ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும் என்ற விதியையும் வாசலுக்கு வாசல் படித்துக் காட்டினாள்.

வலையில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த சூசையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "எழுதிக் குடுத்தா வீடு நிக்குமா?"

"தெரியாதுக்கா. எழுதாட்டி நிச்சயம் நிக்காது."

அந்த ஊரிலும் எல்லார் காதிலும் முனைப்பி இருந்தது. எழுதுவது என்று தாளை வாங்கியவர்களால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு வீடு பாக்கியில்லாமல் மனு வந்து சேர்ந்தது.

விசாரணை தொடங்கியது. முன்பெல்லாம் மனுதாரர் பேசும்போது கோமதிநாயகம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார். இப்போது சூசையம்மாளின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுத்தால் பிடரி எரிந்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷன், அவர் பெயரில் இருந்த பட்டா, மூன்று தலைமுறை வரி ரசீது, அத்தனையையும் கேட்டார். 'நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். வேலை முடியவில்லை என்று அவர் மனசுக்கே தெரிந்தது. அதனால் முனைப்பிக்கும் தெரிந்தது. வலி தாங்காமல் காரணம் எழுத உட்கார்ந்தார். இடிப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. 'இடிக்க முகாந்திரம் இல்லை' என்று தம் கையாலேயே எழுதினார்.

மூன்றாம் நாள் ஒன்பது மனுக்கள் முடிந்திருந்தன. ஒன்பதிலும் அதே வரி. வரிசை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நின்றது.

கோமதிநாயகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக முப்பிடாதியிடம் கெஞ்சினார். "மிச்சத்த நாளைக்குப் பாக்கலாமேம்மா."

"நாளைக்கா? அதத்தான சார் நீங்கல்லாம் சேந்து ஒழிச்சீங்க" என்றாள் அவள்.

பிறகு வாசலைப் பார்த்துப் பத்தாவது பெயரைக் கூப்பிட்டாள்.