துருவுக்கும் மூச்சு வேண்டும்

காலையில் இரண்டு கை பெயின்ட் அடித்த இடத்தில் அரிசியளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அஸர் தொழுதுவிட்டுப் பின்வாசலுக்கு வந்த பாஜிலா அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். மாடிப்படிக்கு அடியில் இடுப்புயரத்துக்கு நிற்கும் இரும்புப் பெட்டி அது. மாடியிலுள்ள சோலார் பேனல்கள் பகலெல்லாம் சேர்க்கிற கரண்டு அதற்குள்ளிருக்கும் பேட்டரியில்தான் இறங்கும். கொப்புளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பெயின்ட் உடைந்து துரு உதிர்ந்தது. கூடவே கொஞ்சம் காற்றும் வந்தது, வெதுவெதுப்பாக, யாரோ பக்கத்தில் நின்று ஊதியதுபோல.

அடைபட்ட காற்று வெளியே வரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டு வயர் பிரஷை எடுத்தாள். பாஜிலா லேசில் அசைகிற ஆளில்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால்கூட யாரையும் கூப்பிடாமல் கம்பைத் தேடுகிறவள். ஆனி பிறந்ததிலிருந்து மலைப்பக்கத்துச் சாரலும் காற்றும் ஓயவில்லை. பின்னாலிருக்கும் திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தம் கலந்து மருந்தடிக்கும்போதெல்லாம் அந்த நீலப் புகை இந்தப் பக்கம்தான் ஒதுங்கும். துத்தமும் சாரலும் சேர்ந்தால் எந்த இரும்பும் தாங்காது என்று, பேட்டரி மாட்டிக்கொடுத்த தேனிக்காரன் கார்த்திக்ராஜ் போன வாரம் வந்து சொல்லிவிட்டுப் போனான். எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய், ஒரு வாரத்தில் துருப்பிடிக்காத பெட்டியில் மாட்டித் தருவதாகவும் சொன்னான். அந்த ஒரு வாரம் முடியாது என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

முடியாதுதான். உள்ளே கட்டிலில் அவள் கணவர் சிக்கந்தர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின் 'புஸ்' என்று இழுப்பதும் 'டக்' என்று விடுவதுமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றடித்தால் கரண்டு போகிற ஊர். கரண்டு போனால் பேட்டரி, பேட்டரி போனால் அவர். கணக்கு அவ்வளவுதான்.

முப்பது வருஷம் உத்தமபாளையத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தவர் சிக்கந்தர். இந்தத் தெருவில் பாதி ஜன்னல் அவர் கைவேலை. அறுத்ததும் ராவியதுமான இரும்புத்தூள் அத்தனையும் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னார். அப்படியும் மனிதருக்குப் புத்தி வந்ததா? சோலார் மாட்டும்போது கம்பெனிப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, தகர டப்பா என்று சிரித்துவிட்டு, கனத்த இரும்புத் தகடு வாங்கித் தானே வெட்டி வெல்டிங் வைத்தார். அன்றைக்கு அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நின்று எந்த வேலையும் செய்யவில்லை. அதனால் பெட்டியைப் பற்றி அவர் முன்னால் ஒரு குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

துரு மட்டும் அந்த மரியாதை எதையும் பார்க்கவில்லை. சுரண்டினாள், உப்புத்தாள் போட்டாள், ரெட் ஆக்சைடு பூசினாள். முதலில் வாரத்துக்கு ஒருமுறை வந்தது, அப்புறம் நாளுக்கு ஒருமுறை, இப்போது பெயின்ட் காய்வதற்குள் வந்துவிடுகிறது. தேனியிலிருக்கும் தம்பி சலீம் போன் பண்ணி, மச்சானைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கெஞ்சினான்.

"இங்கன இருந்து நான் எங்கயும் வரமாட்டேன்டா. வாயில்லாத இரும்பு, அதுக்குப் பயந்து வீட்டப் பூட்டவா?" என்று போனை வைத்தாள்.

மஃரிப் பாங்கு முடிவதற்குள் மேகம் மலையிலிருந்து இறங்கித் தெருவையே மூடிக்கொண்டது. தோட்டத்துப் பந்தல் கம்பிகள் காற்றில் விடாமல் முனகின, ஈர மண்ணும் துத்தமும் கலந்த வாடை பின்வாசல் வழியாக நடுவீடு வரைக்கும் வந்தது, எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. கரண்டு போனது. மெஷின் ஒரு நொடி திக்கி, பேட்டரியில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. பாஜிலா டார்ச்சையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

பெட்டியின் கதவு முழுக்கப் பழுப்பு. சுட்ட ரொட்டியின் மேல்தோல் மாதிரி அது பெயின்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் மெஷின் 'புஸ்' என்றது. துரு உப்பியது. 'டக்' என்றது. துரு தணிந்தது. டார்ச் வெளிச்சம்தான் ஆடுகிறது என்று நினைத்து, டார்ச்சைப் படியில் வைத்துவிட்டுப் பார்த்தாள். உப்பியது. தணிந்தது. உள்ளங்கையை வைத்தாள். பெட்டி அவள் கையை இழுத்துப் பிடித்தது.

வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. பயத்துக்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. துரு என்பது இரும்பு காற்றைக் குடிப்பதுதான் என்று சிக்கந்தர் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவருக்கே காற்றுப் போதவில்லை, அவர் பங்கிலிருந்து இதுவேறு குடிக்கிறதா?

"உனக்குக் காத்து வேணுமா? தாரேன், இரு."

கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் பெட்டி முழுக்க அப்பினாள். கதவிடுக்கு, ஆணித்தலை, பக்கத்திலிருந்த காற்றுத் துளைகள், ஒன்றையும் விடவில்லை. மேலே தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். உள்ளேயிருந்து பொரிகிற சத்தம் வந்தது. பிறகு கதவை யாரோ நகத்தால் பிராண்டுவது போல ஒரு சத்தம். அவள் முதுகைப் பெட்டியில் கொடுத்துச் சாய்ந்து நின்றாள். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. சாரல் மட்டும் தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துக் கயிற்றை அவிழ்த்துக் கிரீஸை வழித்துப் பார்த்தாள். பெட்டி பளபளவென்றிருந்தது. துருவுமில்லை, பெயின்டுமில்லை. பட்டறையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த இரும்பு மாதிரி. பாஜிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரச் சேலையோடு அங்கேயே நின்று தனியாகச் சிரித்தாள்.

அப்புறம்தான் சுவரைப் பார்த்தாள்.

பெட்டியிலிருந்து வீட்டுக்குள் போகும் வயர்க்குழாயை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு. புதிது. ஈரம். அது ஜன்னலுக்கு ஏறியிருந்தது. ஜன்னல் கிரில், அவர் செய்தது. பூவேலை முழுக்கத் துரு.

பிரஷால் தேய்த்தாள். அது உள்பக்கம் போனது.

ஓடி வந்தாள். பீரோவின் கால். தேய்த்தாள். விளக்கு மாட்டும் கொக்கி. தேய்த்தாள். கட்டிலின் இரும்புச் சட்டம். அவள் கைபடும் முன்பே துரு அங்கிருந்து கழன்று போயிருந்தது. சட்டம் சுத்தமாக மின்னியது.

அறை அமைதியாக இருந்தது. மெஷின் ஓடியது. குழாய் தரையில் கிடந்தது.

"குழாய ஏன் கழட்டுனீக?"

"வேணாம் பாஜிலா." சிக்கந்தர் மூச்சிரைக்காமல் பேசினார். இரண்டு வருஷமாக அப்படிப் பேசியதில்லை. "இப்ப மூச்சு நல்லா வருது."

இழுத்தார். ஆழமாக. ஜன்னல் திரை அவரை நோக்கி அசைந்தது. மறுபடியும் இழுத்தார். அவளுக்குக் காது அடைத்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் நெஞ்சில் இருந்த காற்றும் கொஞ்சம் போனது.

டார்ச்சை அவர் மேல் அடித்தாள். கழுத்து வரை பழுப்பு. ஓரங்களில் தோல் சுருள் சுருளாகத் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. தட்டினாள். தகடு தட்டிய சத்தம் கேட்டது.

சிக்கந்தர் சிரித்தார். பல்லெல்லாம் துரு.

வாசல் நாலடியில் இருந்தது. அவள் வாசலைப் பார்க்கவில்லை. இந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவில்லை, தம்பி வீட்டுக்குக் கொடுக்கவில்லை. இதற்கா கொடுப்பாள்?

கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். முழங்காலால் அவர் கையை அழுத்திக்கொண்டாள். பிரஷில் ஒட்டியிருந்த கிரீஸைச் சேலையில் துடைத்தாள்.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள்.