சிபியூவை எடுத்த பிறகு

கம்ப்யூட்டர் தானாக அணைந்துபோவது ஊர் உலகத்தில் நடக்காத அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவனுடைய கம்ப்யூட்டர் சாயங்காலத்தில் மட்டும் அணைந்தது. பகலெல்லாம் கட்டட வரைபடங்களை இழுத்து இழுத்துப் போட்டாலும் முனகாமல் உழைக்கும். பொழுது சாய்ந்து, மகள் ஆன்லைன் கணக்கு வகுப்புக்கு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், மேசைக்கு அடியில் இருக்கும் சிபியூவின் ஃபேன் கரகரவென்று இழுக்கும். உடனே திரை இருண்டுவிடும்.

எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான், வேறு பிளக்கில் மாட்டினான், பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். எதற்கும் அது மசியவில்லை. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அந்த மாதம் முழுக்க இரவு டியூட்டி. அவள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அவனும் மகள் வாண்டும்தான். இந்த வாடகை வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மேசைகூட வீட்டோடு வந்ததுதான்: சுவரோடு சேர்த்துக் கட்டிய கனமான மரமேசை, மூன்று பக்கமும் பலகை அடைத்தது. உட்கார்ந்தால் கால்கள் இருட்டுக்குள் போய்விடும்.

ரிப்பேர்காரர் கலகலப்பான மனிதர். பையைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார். சிபியூவை வெளியே இழுத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவர் மட்டும் சட்டென்று நிறுத்தினார்.

"வீட்டுல யாருக்கு சார் இவ்வளவு முடி?"

ஃபேன் முழுக்க முடி. பாதி கறுப்பும் பாதி நரையுமாக, கை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. இறக்கைகளை அது இறுக்கிச் சுற்றியிருந்ததில் ஃபேன் பாதி உருகிப் போயிருந்தது. அவன் மனைவிக்குக் காதைத் தாண்டாத கிராப். வாண்டுக்குப் பேன் பிடித்ததால் ஒட்ட வெட்டிவிட்டார்கள். அவனுக்கோ இருப்பதைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

"முன்னாடி குடியிருந்தவங்க முடியா இருக்கும். தரையெல்லாம் நல்லாக் கூட்டிட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு, புது ஃபேனை மாட்டி, தூசியை ஊதித் தள்ளிவிட்டுப் போனார். அவர் ஊதியபோது கிளம்பிய வாசனை வெகுநேரம் அறையிலேயே நின்றது. குளித்துவிட்டுத் தலையை உலர்த்தாமல் படுத்த தலையணையின் வாசனை. அவன் ஜன்னலைத் திறந்து வைத்தான், தரையை இரண்டு முறை துடைத்தான், மேசைக்கு அடியில் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தான். ஒரு முடிகூட அகப்படவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் மறுபடியும் கரகர. மறுபடியும் இருட்டு.

இரண்டாவது தடவை வந்த ரிப்பேர்காரர் அதிகம் பேசவில்லை. இடுக்கியால் ஒவ்வொரு முடியாக உருவி எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் போட்டார். வெளிச்சத்துக்குத் தாளை நகர்த்தினார்.

"தரையில கிடக்கிற முடின்னா தூசியோட சுருண்டு உள்ள வரும் சார். இது அப்படி வரலை. எல்லாம் வேரோட வந்திருக்கு, பாருங்க."

ஒவ்வொரு முடியின் நுனியிலும் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது.

"அப்படின்னா என்ன அண்ணே?"

அவர் சிபியூவின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகளைக் காட்டினார். "இது வழியாத்தான் ஃபேன் காத்தை இழுக்கும். இதுல தலையைச் சாய்ச்சு வச்சு உக்காந்தா, முடி இப்படித்தான் போய் மாட்டும்."

அந்தப் பக்கம்தான் வாண்டு கால் நீட்டி உட்காரும் பக்கம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ரிப்பேர்காரர் முடியோடு தாளை மடித்துக் கீழே வைத்தார். "சிபியூவே வேண்டாம் சார். லேப்டாப்பா வாங்கிடுங்க. ஃபேன் இல்லாத மாடல் வருது, சூடாகாது, சத்தம் வராது. பாப்பா வகுப்புக்குத் தாராளம். உங்க வரைபடத்துக்குத்தான் கொஞ்சம் திணறும்."

"திணறினா திணறட்டும்" என்றான் அவன். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அவனுக்கு வாண்டை அந்த மேசையிலிருந்து எழுப்பிவிட்டால் போதும்.

பழைய பெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்ன ரிப்பேர்காரர், அடியில் மாட்டியிருந்த ஒயர்களைக் கழற்ற மட்டும் குனியவில்லை. முதுகு பிடித்திருக்கிறதாம். அவனே மண்டியிட்டு உள்ளே போனான். பலகைகளுக்கு நடுவே காற்றே இல்லை. தலையணை வாசனை மூக்கில் ஏறியது. ஒயரைத் தேடிக் கையை ஊன்றிய இடத்தில் தரை கதகதப்பாக இருந்தது. மெஷின் சூடு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான். மெஷினைக் காலையிலிருந்து யாரும் போடவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கே லேப்டாப் வந்தது. மெல்லிசு, வெள்ளை, மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. அவன் வாண்டின் வகுப்பை ஹாலுக்கு மாற்றினான். மெலிந்த இரும்புக் கால்கள் வைத்த சின்ன மேசை, தலைக்கு மேலே டியூப்லைட். எங்கிருந்து பார்த்தாலும் மேசைக்கு அடியில் தரை பளிச்சென்று தெரியும். மரமேசை இருந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இப்பதான்மா உயிர் வந்தது" என்று மனைவியிடம் போனில் சொன்னான். சொல்லும்போது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பூட்டிய அறைக்குள் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பலகையில் துணி உரசுவது போல மெதுவாக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. சுவர் ஓரமாகப் போனது. அலமாரிப் பக்கம் நின்றது. திரும்பி வந்தது. எதையோ வைத்த இடத்தில் காணாமல் தேடுகிறவர்கள் நடக்கிற நடை அது. அவன் டிவியைச் சத்தமாக வைத்தான். எலி என்று வாண்டிடம் சொன்னான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மழை. சாயங்காலம் அவன் அறைக் கதவில் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டது. தொலைந்தது சனியன். நெஞ்சு லேசாகி, வாண்டுக்குப் பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனான். டம்ளரோடு திரும்பி வந்தபோது, வகுப்பில் டீச்சர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது கேட்டது. கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்கிறார். வாண்டு பதில் சொல்லவில்லை. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை.

"என்னடா, டீச்சர் கேக்குறாங்கல்ல?"

"மெதுவாப் பேசுங்கப்பா." அவள் குரலே வெளியே வரவில்லை. "இப்பத்தான் தூங்குறாங்க."

"யாரு?"

"அந்தப் பெட்டியை எடுத்துட்டீங்கல்ல. அவங்களுக்குத் தலை வைக்க இடமே இல்லை. ரூமெல்லாம் தேடுனாங்க. பாவம்ப்பா."

மேசைக்கு அடியில் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்க்கிறான். இரும்புக் கால்கள், தரை, வாண்டின் செருப்பு. அவ்வளவுதான். ஆனால் அவள் மடியில் கவுன் அழுந்திக் கிடந்தது. நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குச் சற்று மேலே வெறும் காற்றில் அவள் இடது கை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னிருந்து பின்னுக்கு. முன்னிருந்து பின்னுக்கு. தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கால் மரத்துப்போச்சுப்பா" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "ரொம்ப கனமா இருக்கு."

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஒரே எட்டில் போய்ப் பிள்ளையை அள்ளித் தூக்கினான்.

தூக்க முடியவில்லை.

மறுபடியும் இழுத்தான், பலம் கொண்ட மட்டும். அவள் எழும்பி வந்தாள். மேசைப் பலகையின் அடியில் டக்கென்று ஏதோ இடித்தது. லேப்டாப் ஒருமுறை துள்ளி அடங்கியது.

"பாத்துப்பா" என்று வாண்டு அழுதாள். "அவங்க முழிச்சுட்டாங்க."

அவளைத் தாங்கியிருந்த அவன் கையின் மேல் ஈரமான முடி சரிந்து விழுந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தோலுக்குத் தெரிந்தது. கையை உதறினால் பிள்ளை விழுவாள். அவன் உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய ஆளைச் சுமப்பதுபோல் தள்ளாடித் தள்ளாடி வாசல் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

பாதி வழியில் பாரம் குறைந்தது. சட்டென்று. முடியும் இல்லை. கையில் வாண்டு மட்டும், அவளுடைய பூப்போன்ற எடை மட்டும். விட்டுவிட்டது. கடவுளே, விட்டுவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்தான். அவள் விசும்பலை நிறுத்திக்கொண்டு, அவன் இடது தோளில் தலை சாய்த்தாள்.

அவன் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்தான்.

வலது தோளிலும் ஒரு தலை சாய்ந்தது.