கிழக்குப் பார்த்த வீடு

"வாஸ்து சரியில்லையாம்! பதினோரு வருஷமா சரியா இருந்த வாஸ்து இப்பத்தான் கெட்டுப் போச்சாக்கும்!"

காலைக் காபி ஆறுவதற்குள் வசந்தாமணி ஆரம்பித்துவிட்டாள். அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துச் சுகர் லேண்டில் தம்பி நஞ்சுண்டன் இந்த வீட்டை வாங்கியபோது, ஃபோனில் காம்பஸ் வைத்து, வாசல் கிழக்கேதான் என்று உறுதி சொன்னவளே அவள்தான். அதையே தம்பி பெண்டாட்டி குறை சொன்னால் சும்மா இருப்பாளா?

வான்மதி தோசையைத் திருப்பிப் போட்டாள். ஒரு காலத்தில் வாஸ்துவைக் கேட்டாலே சிரிக்கிறவள் அவள். இப்போது ஈசான மூலையில் மாடிப்படி இருப்பது புருஷனுக்கு ஆகாது என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டை விற்றே ஆகவேண்டும் என்று அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாகச் சாதித்தும்விட்டாள். மதியம் விற்பனைக் கையெழுத்து.

"விடுங்க அண்ணி..."

"எதை விடறது? நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம் ஆகலை, அவனைக் கொண்டுபோய் அபார்ட்மென்ட்ல குடி வைக்கிறியே! உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"அக்கா, அவகிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. வித்துத் தொலைச்சுட்டுப் போறேன்" என்றார் நஞ்சுண்டன். அவர் வான்மதியின் முகம் பார்த்துப் பேசி ஒரு மாதமாகிறது. அதுதான் அவளுக்கு வலித்தது.

சற்று நேரத்தில் வீட்டை வாங்கும் ரக்ஷாவும் அவள் கணவனும் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்தார்கள். ரக்ஷாவுக்கு நிறைமாதம். தெருவைப் பார்த்த முன்னறையில் நின்று, "இதுதான் பேபி ரூம், ஆன்ட்டி. ஜன்னல்கிட்ட தொட்டில் போடப் போறோம்" என்று பூரித்துச் சொன்னாள். வான்மதி அந்த ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

மாடிப்படியில் நின்றிருந்த மகன் அகிலனும் அதைக் கேட்டான். அவர்கள் கார் கிளம்பியதும் இறங்கி வந்தான்.

"அப்பா, வாஸ்து எல்லாம் பொய். அம்மா என்னைத்தான் ப்ரொடெக்ட் பண்றாங்க."

"அகில், வேண்டாம் கண்ணு..."

"நோ, அம்மா. இனஃப்."

எல்லாவற்றையும் கொட்டினான். கல்லூரிக்குப் போகிறான் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, ட்ரில் பாடிக்கொண்டிருந்தான். எதிர் கோஷ்டியைப் பெயர் சொல்லி வம்புக்கு இழுக்கிற ராப் அது. அந்தக் கோஷ்டிப் பையன் ஒருவனை இவனுடைய கூட்டாளிகள் சுட்டுக் கொன்றார்கள். செத்தவனைக் கேலி செய்து இவன் பாட்டுக் கட்டி, இந்த வாசலிலேயே நின்று வீடியோ எடுத்துப் போட்டான். அதைப் பார்த்தே எதிர் கோஷ்டி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது. நஞ்சுண்டன் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், கராஜ் கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளேயிருந்த இரண்டாவது ஃபிரிட்ஜில் குண்டு பாய்ந்தது. இதய நோயாளிக்கு அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரை ரிவர்ஸ் எடுக்கும்போது இடித்துவிட்டேன் என்று சொல்லிக் கதவை மாற்றினாள் வான்மதி. அதற்கும் அவள்தான் திட்டு வாங்கினாள்.

நஞ்சுண்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, வான்மதி?"

"சொன்னா நீங்க தாங்குவீங்களா? நீங்க எம்மேல கோவமா இருந்தாலும் பரவாயில்ல, உசிரோட இருந்தாப் போதும்னு நெனச்சேனுங்க..."

அவர் அவள் கையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். "என்னென்னவோ பேசிட்டனே, மன்னிச்சுக்க சாமி!" என்று வசந்தாமணியும் விம்மினாள். பிறகு நஞ்சுண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வா, கையெழுத்துப் போட்டுட்டு இன்னிக்கே கெளம்பிரலாம்."

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை பாடும் பட்டாள்.

"வேண்டாங்க. நாம போயிட்டது அவனுகளுக்கு எப்படித் தெரியும்? இந்த வாசலுக்குத்தான் வருவானுக. அந்தப் பொண்ணு ஜன்னல்கிட்டயே கொழந்தையைப் படுக்க வைக்கப் போகுது. எம் பையனை மட்டும்தானே நான் நெனச்சேன்!" மகன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பையனைச் சுட்டது உங்கூட்டாளிகள்ல யாருன்னு உனக்குத் தெரியுமா?"

அகிலன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் அந்தக் கார்ல இருந்தேன், அம்மா."

இது அவளுக்குத் தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள்.

"கெளம்பு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் எல்லாத்தையும் நீயே சொல்லிரு, நம்ம வீட்டைச் சுட்டவனுகளைப் பத்தியும்."

"என்னையும் ஜெயில்ல போடுவாங்கம்மா..."

"தெரியும் சாமி."

நஞ்சுண்டன் வக்கீலை ஃபோனில் அழைத்தபடியே எழுந்தார். வசந்தாமணி ரக்ஷாவுக்கு ஃபோன் போட்டு, வீடு இப்போது விற்பதற்கில்லை, ஏனென்று நேரில் வந்து சொல்கிறேன் என்றாள். காரின் பின் சீட்டில் மகன் பக்கத்தில் உட்கார்ந்த வான்மதி, அந்த இருபது வயதுப் பிள்ளைக்கு சீட் பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டாள்.