மலைக்குப் பழகிய குரல்

அன்று காலை பத்தே முக்காலுக்கு மூன்று பூனைகளும் ஒன்றுபோல எழுந்து வெளியே போயின.

பூனை எழுந்து போவது ஒரு சேதியா என்று யாரும் கேட்கலாம். ஆனால் நாவலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தோடு மேசையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவளுக்கு அது என்னவோபோல இருந்தது. மூட்டை, கரி, சிண்டு மூன்றும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாதவை. சாப்பாட்டுக்கு மட்டும்தான் ஒன்றுசேரும். அதுவும் பதினொரு மணிக்கு அவள் பின்வாசல் படியில் நின்று, "வா வா வா, எங்க போனீங்க எல்லாரும்?" என்று இழுத்துக் கூப்பிட்ட பிறகுதான். அவள் இன்னும் நாற்காலியை விட்டு எழவே இல்லை. கூப்பிடவும் இல்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். தோட்டத்தின் கடைக்கோடியில், கம்பிவேலி ஓரமாக, மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்று ஜோடிக் காதுகளும் மலையைப் பார்த்து விறைத்து நின்றன. அவள் வந்த சத்தத்துக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஈரமண்ணும் பீன்ஸ் இலையும் கலந்த வாசனை வந்தது. மலையில் பாதிக்கு மேல் மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

"மூட்டை" என்றாள். மூட்டை திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு மலையைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. எதையோ சரிபார்ப்பதுபோல இருந்தது அது.

பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு, ஊர் முடிகிற இடத்தில் இந்த வீட்டுக்கு அவள் வந்து பதினோரு வருஷம். வீட்டுக்குப் பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் வேலி, வேலியில் ஒரு சின்னக் கதவு, அங்கிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை. விடிந்ததிலிருந்து பதினொன்று வரை எழுத்து, பிறகு ஒரு மணி வரை மண்வேலை, மூன்றிலிருந்து ஐந்து வரை மலை. பேட்டி எடுக்க வந்த ஒரு பெண், "எல்லாத்தையும் எப்படி மேடம் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டபோது, "நான் எங்க சமாளிக்கிறேன், பூனைங்கதான் என்னைச் சமாளிக்குதுங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் எழுதியதெல்லாம் மேசையில் எழுதியதல்ல. மலையில் நடந்துகொண்டே, வாய்விட்டுப் பேசிப் பேசி உண்டாக்கியது. கதையில் வரும் மனிதர்கள் சண்டை போடுவதும் கெஞ்சுவதும் கொஞ்சுவதும் பொய் சொல்வதும் எல்லாம் அவளுடைய ஒரே குரலில், மரங்களுக்கு நடுவே நடக்கும். ஆறு நாவல்களை அப்படி அந்த மலையிடம் சொல்லித் தீர்த்திருந்தாள். கேட்க யாரும் இல்லை என்பதுதான் அதில் இருந்த சுகம்.

மறுநாளும் பத்தே முக்காலுக்குப் பூனைகள் எழுந்து போயின. மூன்றாம் நாள் போனதில் சிண்டு திரும்பி வரவில்லை.

சிண்டுதான் கடைக்குட்டி, பயந்தாங்கொள்ளி, தன் வாலைக் கண்டே மிரளும். மத்தியானச் சோற்றையும் மறந்து அவள் மலை முழுக்கத் தேடினாள். பாறைக்கு அடியில், விழுந்த மரத்தின் பொந்தில், ஓடைச் சரிவில் எல்லாம் குனிந்து குனிந்து கூப்பிட்டாள். இருட்டுவதற்குள் இறங்கி வந்தபோது தொண்டை கரகரத்தது. கத்தியதால் என்றுதான் நினைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு டிரைவர் நின்றிருந்தார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"பூனை கிடைச்சுதாம்மா?"

"இல்லண்ணே. ஒண்ணைக் காணோம்."

"நானும் நினைச்சேன். நேத்து சாயங்காலம் பூரா கூப்பிட்டுட்டே இருந்தீங்களே."

"நேத்தா? பூனை இன்னிக்குத்தானே காணாமப் போச்சு. நேத்து நான் மலைக்கே போகலண்ணே. வீட்ல எழுதிட்டிருந்தேன்."

"உங்க குரல்தான்மா. நடுவுல இருமினீங்க. 'வா வா வா'ன்னு கூப்பிட்டீங்க. நான் வீட்ல இவகிட்டக்கூடச் சொன்னேனே." அதற்கு மேல் பேச விரும்பாதவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போன வாரம் அவளுக்குச் சளி பிடித்திருந்தது உண்மை. செவ்வாய்க்கிழமை மலையில் கதையைப் பேசிக்கொண்டு போனபோது இருமி இருமி, ஒரு பாறையில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த இருமலும் இப்போது போய்விட்டது.

அடுத்த நாள் அவளே கேட்டாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். குழாயை அடைத்த நொடியில், தண்ணீர்ச் சத்தம் நின்ற அந்த வெற்றிடத்தில், மேலே பாறைப் பக்கமிருந்து வந்தது. "வா வா வா, எங்க போனீங்க எல்லாரும்?" பிறகு இருமல். இரண்டு குட்டி இருமல், ஒரு நீள இருமல். மறுபடி அதே, அதே இழுப்பு, அதே இருமல். எதிரொலி இல்லை. எதிரொலிக்கு முதலில் யாராவது கத்த வேண்டும். ஒலிப்பதிவில் தன் குரலைக் கேட்கும்போது எல்லோருக்கும் வரும் கூச்சம்தான் முதலில் அவளுக்கு வந்தது. பயம் பிறகுதான் வந்தது. அந்தக் குரல் மூச்சு வாங்கவே இல்லை என்பது உறைத்த பிறகு.

கரியையும் மூட்டையையும் உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து மலை நடை நின்றது. மண்வேலையும் நின்றது. மேசைதான் மிச்சம், அதுவும் உதவவில்லை. அத்தியாயத்தில் கணவனும் மனைவியும் ஒரு அறையில் நிற்கிறார்கள். ஒருவர் பேச வேண்டும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவள் உதட்டை அசைத்து ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தாள், எப்போதும் செய்வதுபோல. காற்றுத்தான் வந்தது. பதிப்பாளர் போனில், "என்னம்மா, குரல் ஒரேயடியாக் கட்டியிருக்கு? உடம்பப் பாத்துக்குங்க, அத்தியாயத்தையும் பாத்துக்குங்க" என்றார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஒவ்வொரு நாளும் இவள் குரல் மெலிந்தது. ஒவ்வொரு நாளும் மலையில் கேட்ட குரல் இறங்கி வந்தது. பாறையிலிருந்து ஒற்றை மரத்துக்கு. மரத்திலிருந்து ஓடைக்கு. இருமல் போய்விட்டது, அதற்கும் சளி குணமாகிவிட்டதுபோல. இப்போது வேறு வேறு வரிகள். "நீ சொன்னா நான் நம்பிடுவேன்னு நினைச்சியா?" அவளுடைய மூன்றாவது நாவலில் ஒரு மாமியார் பேசுவது. "கதவைத் திறந்து வை, நான் வந்துடறேன்." அது எந்த நாவலிலும் இல்லை.

வியாழக்கிழமை காலை வீட்டுக்குள் இருக்க முடியாமல், போனை எடுத்துக்கொண்டு பீன்ஸ் பந்தல் பக்கம் வந்து நின்று அக்காவைக் கூப்பிட்டாள். உள்ளே சிக்னல் கிடைப்பதில்லை. அக்கா நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறாள், அம்மா போன பிறகு இவளுக்கு எல்லாமே அவள்தான்.

"அக்கா" என்றாள். அதற்கே மூச்சு முட்டியது. "ரெண்டு நாள் வந்து இருக்கா."

"என்னடி குரல் இது? கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

"நீ வா. நேர்ல சொல்றேன்."

"சனிக்கிழமை சாயங்காலம் வந்துடறேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அலையாத, எனக்கு வழி தெரியும். நீ வெந்நீரைக் குடிச்சிட்டுப் படு."

போனை வைத்த பிறகுதான் பந்தலைக் கவனித்தாள். அடியில் கொடிகள் நசுங்கிக் கிடந்தன. ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு வட்டமாக. காலடி எதுவும் இல்லை. குனிந்து மண்ணைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சமையலறை ஜன்னலின் கம்பிவலை உள்ளிருந்து கிழிக்கப்பட்டிருந்தது. வலையில் கரியின் முடி. மூட்டையின் முடி. வீட்டில் ஒரு பூனை இல்லை. தோட்டத்திலிருந்து, பத்தடி தூரத்திலிருந்து, பளிச்சென்று கேட்டது.

"அக்கா. ரெண்டு நாள் வந்து இருக்கா."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அது மறுபடி சொல்லிப் பார்த்தது. முதல் தடவை தட்டையாக. அடுத்த தடவை கொஞ்சம் கெஞ்சலாக. மூன்றாவது தடவை சரியாக வந்துவிட்டது. அவள் உடம்பு நன்றாக இருந்தபோது பேசியதுபோல.

கூடத்தில் வந்து போனைப் போட்டாள். சிக்னல் இல்லை. முன்வாசலுக்கு ஓடித் தெருவில் நின்று போட்டாள். அக்கா எடுத்தாள். "ஹலோ? ஹலோ, சொல்லு." இவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. "உங்க ஊர் சிக்னல் இருக்கே. சரி, நாளைக்கு வந்து பேசிக்கலாம்." வைத்துவிட்டாள். வராதே, வராதே என்று ஏழு தடவை எழுதி அனுப்பினாள். அக்காவுக்கு மெசேஜ் பார்க்கும் பழக்கமே கிடையாது. விஷயத்தைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள். கதவில் பூட்டு. மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்றரை வண்டியில் அக்கா இல்லை. நாலரை வண்டியிலும் இல்லை. அடுத்தது ஆறு மணிக்குத்தான். மூடுபனி தெருவரைக்கும் இறங்கியிருந்தது. ஐந்தரைக்கு டீக்கடைக்காரர் பலகையை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார், "உங்க அக்காவுக்கா உக்காந்திருக்கீங்க? இப்ப பால் வாங்கப் போனப்பப் பார்த்தேன், அவங்க ஷேர் ஆட்டோல வந்து மேல இறங்கிட்டாங்களே. உங்க குரல் கேட்டுச்சு, நீங்கதான் மேல நின்னு கூப்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் ஓடினாள்.

ஏற்றத்தில் செருப்பு அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள். தெரு முடியும் இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வீடு. வலது பக்கம், தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மலைப் பாதை.

மேலே பேச்சுச் சத்தம்.

"தொண்டை சரியாயிடுச்சுக்கா. நேத்தே சரியாயிடுச்சு."

"அதான பார்த்தேன். போன்ல எப்படிப் பயமுறுத்திட்ட. ஏன்டி இவ்வளவு வேகமாப் போற, மெதுவாப் போ. முகத்தைக் காட்டு."

"வா. இதோ வந்துட்டோம்."

வலது பக்கம் ஓடினாள். சேற்றில் முழங்கால் வரை சறுக்கி விழுந்து எழுந்தாள். முள் கையைக் கிழித்தது. பனிக்குள் அக்காவின் பச்சைப் புடவை தெரிந்தது. நாற்பது அடி. முப்பது. கூப்பிட்டாள். தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். வெறும் மூச்சு. கல்லை எடுத்து எறிந்தாள்.

அக்கா திரும்பினாள்.

தலைவிரிகோலமாக, சேறும் ரத்தமுமாக, வாயைப் பிளந்து மூடி, சத்தமே இல்லாமல் ஓடி வருகிற ஒன்றை அந்த மங்கலில் அக்கா பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. அடையாளம் தேடியது அந்தக் கண். ஒரு நொடி, கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டதுபோல இருந்தது.

"நான் சொன்னேன்ல?" என்றது அவளுடைய குரல், மிகப் பிரியமாக, அக்காவுக்குப் பக்கத்திலிருந்து. "நாலு நாளா என் பின்னாடியேதான் வருது. பாக்காத. வாக்கா."

அக்கா விருட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப்போட்டாள்.

அவள் நின்றுவிட்டாள். பனி மூடுவதற்கு முன்னால் அக்கா முழுதாகத் தெரிந்தாள். பிடிக்க இரண்டு காதுகள் வைத்த பெரிய துணிப்பை ஒன்று. ஒரு காது அக்காவின் கையில் இருந்தது. இன்னொரு காது, அவளுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத இடத்தில், அதே உயரத்தில் விறைப்பாகத் தூக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. பாரத்தைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டு, பை கொஞ்சமும் சாயாமல், மேலே போய்க்கொண்டிருந்தது.