மூன்றாவது கோடு

இரும்பு பொய் பேசாது. ஜப்பானின் ஒசாஃபுனே ஊர் வாள் வாசிப்போர் சங்கத்தின் வாசற்பலகையில் இந்த மகாவாக்கியம்தான் தங்க எழுத்தில் மின்னியது. அதில் ‘இரும்பு’ என்பதற்கான ஜப்பானிய எழுத்திலேயே ஒரு கோடு விட்டுப்போயிருந்ததை, எழுத்து வாசிப்பதே தொழிலான உறுப்பினர்கள் ஒருவரும் கவனித்ததில்லை.

அன்று மாலை உறுப்பினர் செனோ, சங்கத்துக்கு வந்திருந்த ஒரு பழைய வாளின் பிடியைக் கழற்றியபோது மூங்கில் ஆணி ஈரமாக இருந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. அவருடைய எரிச்சல் வேறு. அந்தக் காலத்தில் வாளைப் பிணங்களின்மேல் வீசிச் சோதித்துப் பொறித்து வைத்த, பிடிக்குள் மறைந்திருந்த வெட்டுச் சோதனைக் குறிப்பை, ‘அடுக்கிய உடல்கள் இரண்டு, ஒரே வீச்சு’ என்று சக உறுப்பினர் நாம்பா வாசித்துவிட்டார். அதற்காகவே நாளை அவரைத் தலைவராக்கப் போகிறார்கள். ஜப்பானிய எழுத்தில் இரண்டுக்கு இரண்டு படுக்கைக் கோடு, மூன்றுக்கு மூன்று. அந்த இரண்டு மட்டும் தப்பென்றால் நாற்காலி செனோவுக்கு.

“இன்னுமா துருவைத் தடவிக்கிட்டிருக்கீங்க, செனோ-சான்?” கிளம்பும்போது நாம்பா குடையை விரித்தபடி கேட்டிருந்தார். “ரெண்டுன்னா ரெண்டு கோடு. என் பேத்தியே எண்ணிடுவா.”

வெளியே மழை. வாளுக்குப் பூசும் கிராம்பெண்ணெயின் புழுக்கத்தில் கனத்த வாசனைக்கு அடியில் கசாப்புக் கடையை நினைவூட்டும் இன்னொரு வாசனை. மெல்லிய தாளை இரும்பின்மேல் விரித்து மைக்கட்டியால் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக எழுந்தன படுக்கைக் கோடுகள். இரண்டேதான். இன்னும் ஒன்று இருந்தால் மூன்றாகிவிடுமே, நாம்பாவின் சிரிப்பை வழித்தெடுக்க ஒரே ஒரு கோடு போதுமே என்று வயிறெரிந்தபடி வேறொரு தாளை விரித்துத் தேய்த்தார்.

தாள் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த இரண்டுக்கும் கீழே, மங்கலாக, இன்னொரு கோடு.

மறுபடி தேய்த்தார். தெளிவாக.

ஃபோனை எடுத்தார். “நாம்பா-சான்! ரெண்டு இல்ல, மூணு! கோட்டை விட்டுட்டீங்க!”

மறுமுனையில் கிண்ணங்களின் ஓசை. “நான் விரலால தடவியே பார்த்தேன்யா. சரி, மூணுன்னே வெச்சுக்குவோம். அந்த மூணாவது உடம்பு யாரோடதாம்?”

செனோ வாயெடுத்தார். கிராம்பு வாசனை போயிருந்தது. மற்றது மட்டும்.

வாள் மேசையில். வைத்த இடத்தில். அசையவில்லை.

தொடையில் ஏதோ சூடாகச் சொட்டியது. குனிந்தார். சட்டையில், தொப்புளுக்கு மேலே, இடமிருந்து வலமாக ஒரு கோடு. நேராக. வலியே இல்லை.

எழுந்தார்.

இடுப்புக்குக் கீழே இருந்தது உட்கார்ந்தே இருந்தது.

“செனோ-சான்? இருக்கீங்களா?”

சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து செனோ சரியாக வாசித்த முதல் குறிப்பு அது.