ஒஸ்ரினா, மொறிஸா?

எஞ்சின் கழற்றிய காரின் பொனற் சுட்டது.

அருளம்பலம் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். சூடுதான். கிடுகு வேய்ந்த அந்தக் கராஜுக்குள் காலை வெயில் எட்டிப் பார்ப்பதேயில்லை. ஆனாலும் உள்ளிருந்து மண்ணெண்ணெய்ப் புகை மணம் மெல்ல மெல்லக் கிளம்பி, அவர் சால்வையில் ஏறி, தொண்டைக்குள் இறங்கியது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், அரியாலை ஊர்க் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடிய போர்க்காலம். தெருவில் ஏதும் போயிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அந்தச் சிவப்பு எம்.ஜி. ஸ்போட்ஸ் கார் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. இருபது நாளுக்கு முன், பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மீன்பிடிகாரன் யாகோப்பு, பிள்ளைப்பேற்று வலியில் துடித்த மனைவி மக்டலீனைக் கேற்றடியில் இருத்திவிட்டுக் காரைக் கேட்டான். தோல் சீற்றில் இரத்தம் பட்டுவிடுமே என்றுதான் மனுஷர் முதலில் நினைத்தார். சீற்றை நினைத்தார், பாருங்கள்! "எஞ்சின் வெடிச்சுப்போச்சு, யாகோப்பு" என்றார். அவன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். பாதி வழியில் தாயும் பிள்ளையும் முடிந்துவிட்டார்கள்.

பொய்யை மெய்யாக்க, நல்ல எஞ்சினைக் கப்பி கட்டிக் கழற்றிப் பாழ்கிணற்றில் தள்ளினார். அதற்குப் பிறகு கண்ணாடி பார்த்துச் சவரம் செய்யவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் செருமல் கேட்டு வெளியே வந்தார். யாகோப்பு.

"ஐயா, உங்கடை காருக்கு ரெண்டு எஞ்சின் பாத்து வைச்சிருக்கிறன். ஒண்டு ஒஸ்ரின் கேம்பிறிஜ் காரின்ரை, மற்றது மொறிஸ் ஒக்ஸ்போட் காரின்ரை. ரெண்டும் இதுக்குப் பொருந்துமாம். எதை எடுப்பம்?"

"உமக்கேன் உந்தக் கரைச்சல்?"

"இனி ஒருத்திக்கும் இப்பிடி நடக்கக் கூடாது, ஐயா."

காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் கூனிக் குறுகி, நிலத்தைப் பார்த்தபடி, "ஒஸ்ரின்" என்றார்.

கராஜுக்குள் ஏதோ இருமியது.

ஒருதரம். இருதரம். பிறகு சீராக ஓடத் தொடங்கியது. அவர் காது நன்றாக அறிந்த சத்தம். கிடுகிலிருந்து தூசி உதிர்ந்தது.

"எஞ்சின் நல்லாத்தானே ஓடுது, ஐயா?"

யாகோப்பின் குரல் உயரவில்லை. உள்ளே போனான். பொனற்றைத் தூக்கினான்.

வெறுங்குழி. அறுத்த வயர்கள் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தன.

அவன் அந்தக் குழியையே பார்த்து நின்றான். தூக்கிய பொனற் அவனுக்கு மறைத்தது. பின்னாலேயே போய்க் காரின் பக்கவாட்டில் நின்ற அருளம்பலத்துக்கு மறைக்கவில்லை.

இடப்பக்கச் சீற்றில் மக்டலீன். ஒரு கை வயிற்றில். மறு கையை எட்டி நீட்டி, அவர் ஏறுவதற்காக, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.